குப்பை சொல்லும் பாடம்

மதுரை மாநகரின் வடகிழக்கே, மேலூர் செல்லும் சாலையில் அமைந்த மாட்டுத்தாவணி, தன் பெயரிலேயே தன் வரலாற்றைத் தாங்கி நிற்கும் இடமாகும். தாவணி என்பது கால்நடைகளை வரிசையாகக் கட்டி வைத்து விலை பேசும் சந்தை. அந்த இடத்தில் 1999-ஆம் ஆண்டு பேருந்து நிலையம் எழுந்தது. மலர்ச் சந்தையும், காய்கறிச் சந்தையும், நெல் வணிக வளாகமும் அதன் அருகே அமைந்தன. மாடுகள் நின்ற இடத்தில் இன்று பேருந்துகள் நிற்கின்றன. ஆயினும், சுற்றுப்புறக் கிராமங்களின் விளைபொருள் நகரத்திற்குள் புகும் வாயில் என்ற சிறப்பு அவ்விடத்திற்கு இன்றும் நீங்கவில்லை.

பொழுது புலரும் முன்னே மல்லிகையும், கத்தரிக்காயும், கீரைக் கட்டும் இங்கு வந்து சேருகின்றன, கை மாறுகின்றன, வீடுகளுக்குச் செல்கின்றன. பூ வாடி மண்ணாகிறது. காய் உணவாகிறது. அவற்றைச் சுமந்து சென்ற மெல்லிய பிளாஸ்டிக் பை மட்டும் எதுவாகவும் ஆவதில்லை. அது வீட்டிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து கண்மாய்க்கும் போய்ச் சேருகிறது. அந்தப் பையை மக்கள் கண் முன்னே மீண்டும் கொண்டுவந்து நிறுத்தும் ஒரு வழியை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம். உலகின் பல கடற்கரைகளில் கலைஞர்கள் கையாண்டு வரும் வழி அது. கரை ஒதுங்கிய பிளாஸ்டிக்கைப் பொறுக்கி, அதனைக் கொண்டே மீனும் ஆமையும் பறவையும் செய்து நிறுத்துவதே அவ்வழி.

கடல் இல்லாத மதுரைச் சீமைக்கு இதில் என்ன பங்கு என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு விடை வைகையின் போக்கிலேயே இருக்கிறது.

கண்மாய்க் கரையே நமது கடற்கரை

வருசநாட்டு மலைகளில் பிறக்கும் வைகை, சுமார் 258 கிலோமீட்டர் தூரம் ஓடுகிறது. வழி நெடுகக் கால்வாய்களின் மூலம் கண்மாய்களுக்கு நீரை ஈந்து, எஞ்சியதை இராமநாதபுரம் பெரிய கண்மாயில் சேர்ப்பது அதன் இயல்பு. வெள்ளம் பெருகிய ஆண்டுகளிலேதான் அதன் நீர் பாக் விரிகுடாவை எட்டுகிறது. மற்ற ஆறுகள் தாம் சுமந்து வரும் குப்பையைக் கடலில் கொட்டிவிடும். வைகையோ தான் சுமப்பதில் பெரும் பகுதியைக் கண்மாய்களிலேயே விட்டுச் செல்கிறது. ஆகவே, கடற்கரையில் பிறர் காணும் காட்சியை நாம் கண்மாய்க் கரையிலேயே காண்கிறோம்.

இதன் காரணத்தை அறிய ஒரு வாளித் தண்ணீர் போதும். பைகளும், குப்பியின் மூடிகளும், வெள்ளை உரச் சாக்கின் இழைகளும் நீரைவிட இலேசான பிளாஸ்டிக் வகையால் ஆனவை, அவை மிதக்கும். தண்ணீர்க் குப்பியும், பி.வி.சி. குழாய்த் துண்டும் நீரைவிடக் கனமான வகையைச் சேர்ந்தவை, அவை அமிழும். மூடியிட்ட காலிக் குப்பி, உள்ளே காற்று இருக்கும் வரை மிதந்து செல்கிறது. மூடி கழன்று நீர் புகுந்ததும் குப்பி அடியில் தங்கிவிட, மூடி மட்டும் தன் பயணத்தைத் தொடர்கிறது. கடற்கரைகளில் மூடிகள் மிகுதியாக ஒதுங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கண்மாயிலும் இதே கதைதான். மிதப்பவை காற்று வாக்கில் கரையோரம் ஒதுங்குகின்றன. மடை வாயை அடைக்கின்றன. கலுங்கின் வழியே அடுத்த ஊர்க் கண்மாய்க்கு இறங்குகின்றன. அமிழ்பவை வண்டலில் புதைகின்றன. கோடையில் அந்த வண்டலை நாம் வண்டியேற்றி வயலுக்கு உரமாக அடிக்கும்போது, பிளாஸ்டிக்கும் உடன் சென்று வயலில் விழுகிறது. வயலில் கிடக்கும் தாள் மழைநீர் இறங்குவதையும், வேர் ஓடுவதையும் தடுக்கிறது. வெயில் பட்டு நாளடைவில் நொறுங்கி, கண்ணுக்குப் புலனாகாத துகள்களாக மண்ணிலும் நீரிலும் கலக்கிறது. நொறுங்குவதை மக்குதல் என்று எண்ணிவிடலாகாது. துகள் சிறிதானாலும் அது பிளாஸ்டிக்கே ஆகும்.

கால்நடைகளுக்கு நேரும் தீங்கோ இன்னும் கொடியது. உணவின் மணம் ஒட்டிய பையை மாடு அப்படியே விழுங்கிவிடுகிறது. அது செரிப்பதும் இல்லை, வெளியேறுவதும் இல்லை. முதல் இரைப்பையிலேயே சுருண்டு சேர்ந்து தீவனத்திற்கு இடமின்றிச் செய்துவிடுகிறது. 2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோகிராம் பிளாஸ்டிக்கை மருத்துவர்கள் அறுவை செய்து அகற்றினர். தீவனம் தின்னாமலும், பால் குறைந்தும், வயிறு உப்பியும் நிற்கும் மாட்டின் நோய்க்கு, தெருவில் வீசப்பட்ட பையும் காரணமாக இருத்தல் கூடும்.

1950-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் உற்பத்தியான பிளாஸ்டிக் சுமார் 20 இலட்சம் டன். இன்று ஆண்டொன்றுக்கு 40 கோடி டன்னுக்கு மேல் உற்பத்தியாகிறது. ஆறுகள், ஏரிகள், கடல்கள் ஆகியவற்றில் ஆண்டுதோறும் 1 கோடியே 90 இலட்சம் முதல் 2 கோடியே 30 இலட்சம் டன் வரை பிளாஸ்டிக் கலப்பதாக ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் மதிப்பிட்டுள்ளது. இக்கணக்கில் நமது ஊர்க் கண்மாயும் அடங்கும் என்பதை நினைவில் கொள்ளல் வேண்டும்.

பிற இடங்களில் செய்தவை

அமெரிக்க நாட்டின் ஆரிகன் மாநிலத்தில், பாண்டன் என்னும் கடலோரச் சிற்றூரில், ஏஞ்சலா ஹேசல்டைன் போஸி என்ற கலை ஆசிரியை 2010-ஆம் ஆண்டு ஒரு பணியைத் தொடங்கினார். ஊர் மக்கள் கடற்கரையில் பொறுக்கிய பிளாஸ்டிக்கைக் கழுவி, நிறம் வாரியாகப் பிரித்து, அவற்றைக் கொண்டே பெரிய கடல்வாழ் உயிர்களின் உருவங்களைச் செய்யலானார். தூரத்திலிருந்து பார்ப்பவர் அழகிய மீனைக் காண்கிறார். அருகே சென்றதும் அம்மீனின் செதில்கள் மூடிகளாகவும், துடுப்புகள் செருப்புகளாகவும் தெரிகின்றன. தாம் நேற்று வீசிய பொருளைப் போன்ற ஒன்றை அங்கே அவர் அடையாளம் கண்டுகொள்கிறார். 2016-ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரின் தேசிய விலங்குக் காட்சிச் சாலையிலும் இவ்வுருவங்கள் வைக்கப்பட்டன.

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் லாமு தீவில், மரபு வழிப் படகுத் தச்சர்கள் குப்பைப் பிளாஸ்டிக்கை உருக்கிப் பலகையாக்கி, 9 மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகு ஒன்றைக் கட்டினர். கடற்கரையில் ஒதுங்கிய சுமார் 30,000 இரப்பர்ச் செருப்புகளை வண்ண வண்ணமாக வெட்டி அதற்கு மேற்போர்வை அமைத்தனர். 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் அப்படகு லாமுவிலிருந்து சான்சிபார் வரை சுமார் 500 கிலோமீட்டர் சென்றது. வழியிலுள்ள ஊர்களில் நின்று மக்களைச் சந்தித்தது. ஆயிரம் துண்டுப் பிரசுரங்கள் செய்ய இயலாததை அந்த ஒரு படகு செய்தது எனலாம்.

நமது நாட்டிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. ஒடிசாவின் பூரிக் கடற்கரையில் மணற்சிற்பி சுதர்சன் பட்நாயக் பிளாஸ்டிக் குப்பிகளையும் சேர்த்து மணற்சிற்பங்கள் அமைத்து மக்கள் கவனத்தை ஈர்த்துள்ளார். அதற்கும் நெடுங்காலம் முன்பே, சண்டிகார் நகரில் பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளராகப் பணி புரிந்த நேக் சந்த் என்பவர், உடைந்த பீங்கானையும் வளையல் துண்டுகளையும் ஓடுகளையும் திரட்டி, ஓய்வு வேளைகளில் ஆயிரக்கணக்கான உருவங்களைச் சமைத்தார். அரசாங்கம் அதனை அழித்துவிடாமல் பேணி, 1976-ஆம் ஆண்டில் பாறைத் தோட்டம் என்ற பெயரில் மக்களுக்குத் திறந்து வைத்தது. நேக் சந்த் பெரிய கலைக்கூடம் எதிலும் பயின்றவர் அல்லர். வேண்டியது பொறுமையும் கைப்பழக்கமும் மட்டுமே என்பதற்கு அவர் ஒரு சான்று.

உருவம் ஏன் பேசுகிறது?

பிளாஸ்டிக்கைத் தவிர்க்குமாறு சுவரில் எழுதுகிறோம், ஒலிபெருக்கியில் சொல்கிறோம். கேட்பவர் தலையசைத்துவிட்டுப் போகிறார். உருவத்தை அவ்வாறு எளிதில் கடந்து செல்ல இயலுவதில்லை. இந்த உண்மை குடியானவருக்குப் புதிதன்று. சோளக் கொல்லையில் பழந்துணியும் வைக்கோலும் கொண்டு பொம்மை கட்டி நிறுத்துபவர் அவரே. அது வாய் திறந்து எதுவும் சொல்வதில்லை. ஆயினும் பறவைக்குச் செய்தி எட்டிவிடுகிறது. அய்யனார் கோயிலுக்கு மண் குதிரை வனையும் வேளாரும், விளாச்சேரியில் கொலுப் பொம்மை செய்யும் கைவினைஞரும் வாழும் சீமை இது. உருவம் செய்யும் கை இங்கே பஞ்சமில்லை.

ஒன்றை மட்டும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். மண் குதிரை மழையில் கரைந்து, தான் பிறந்த மண்ணுக்கே திரும்பிவிடும். பிளாஸ்டிக்கால் செய்த உருவம் திரும்புவதற்கு இடமில்லை. அதனை வெயிலிலும் மழையிலும் ஆண்டுக் கணக்கில் விட்டுவைத்தால், அதுவே நொறுங்கிப் புதிய குப்பையாகும். ஆகையால், இவ்வுருவத்தைச் சில வாரங்கள் காட்சிக்கு வைத்துப் பின் பிரித்துவிட வேண்டிய பாடமாகக் கருதுவதே முறை. கட்டும்போதே பிரிப்பதற்கு ஏற்பக் கட்டுதல் வேண்டும்.

ஊரில் செய்வது எப்படி?

மாட்டுத்தாவணியின் சீமைக்கு மாட்டின் உருவமே பொருத்தமானது என்பது நமது கருத்து. மூங்கிலால் ஆள் உயர மாட்டின் சட்டம் ஒன்றை அமைக்கலாம். அதன் வயிற்றுப் பகுதியை மட்டும் பழைய கம்பி வலையால் மூடி, ஊரில் ஒரே நாளில் பொறுக்கிய பைகளை அவ்வலைக்குள் நிரப்பலாம். உடலுக்குக் குப்பி மூடிகளும், வாலுக்குச் சாக்கு இழையும் போதும். வயிற்றுக்குள் இருப்பது என்ன என்பதை எவரும் விளக்கிச் சொல்லத் தேவை இராது. மாடு வேண்டாமெனில் விரால் மீனோ, குளத்து ஆமையோ, கொக்கோ செய்யலாம்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை வருமாறு:

முதலாவது, காலம். கண்மாய் வற்றி, நீர்ப்பிடிப்பு வெளிப்படும் மாதங்களே பொறுக்குவதற்கு ஏற்றவை. மார்ச்சு 22-ஆம் நாள், உலகத் தண்ணீர் தினத்தன்று தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. அதற்கு முந்திய வாரத்தில் பொறுக்கி, சபை கூடும் இடத்திலேயே உருவத்தை நிறுத்தினால் ஊரார் அனைவரும் காண்பர்.

இரண்டாவது, ஆட்கள். பள்ளி மாணவர், மகளிர் சுய உதவிக் குழுவினர், பாசனக் குடியானவர், ஊராட்சி மன்றத்தார் ஆகிய எல்லோரும் இதில் இறங்குதல் வேண்டும். தூய்மைக் காவலர்கள் நாள்தோறும் செய்யும் பணியை மேலும் ஒரு நாள் அவர்கள் தலையிலேயே சுமத்திவிட்டு, மற்றவர்கள் நின்று பார்ப்பது இதன் நோக்கத்தையே கெடுத்துவிடும். குப்பை அள்ளுவது இன்னாருக்கே உரியது என்னும் பழைய எண்ணம் நீங்க வேண்டும். எறிந்த கையே எடுக்கும்போதுதான் எறிவதன் சுமை விளங்கும். மன்ற உறுப்பினர் தாமே சாக்கைத் தோளிலிட்டு முன் நடப்பாராயின், ஊர் பின்னால் வரும்.

மூன்றாவது, பாதுகாப்பு. கையுறையும் செருப்பும் இன்றி எவரும் இறங்கலாகாது. ஊசிகள், கண்ணாடித் துண்டுகள், மருத்துவக் கழிவுகள் ஆகியவற்றைச் சிறுவர் தொடாமல் பெரியவர் தனியே அகற்ற வேண்டும். பூச்சிமருந்துக் குப்பிகளையும் பைகளையும் எக்காரணத்தாலும் உருவத்தில் சேர்க்கலாகாது. கழுவினாலும் அவற்றில் நஞ்சு தங்கியிருத்தல் கூடும். பொறுக்கியவற்றைத் தொட்டியில் கழுவ வேண்டுமேயன்றிக் கண்மாயில் அலசுதல் கூடாது.

நான்காவது, கட்டும் முறை. துளையிட்டுச் சணல் கயிற்றாலோ கட்டுக்கம்பியாலோ பிணைத்தல் நலம். பசையும் வண்ணப் பூச்சும் வேண்டா. அவை பின்னர் பிரிப்பதற்குத் தடையாகும். பிளாஸ்டிக்கை நெருப்பில் இளக்கி ஒட்டுவது தீங்கானது. அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். பி.வி.சி. எரியும்போது எழும் நச்சு வாயு இன்னும் கொடியது.

ஐந்தாவது, கணக்கு. இதுவே தலையாயது என்போம். பொறுக்கியதை எடை போட வேண்டும். பை இத்தனை, குப்பி இத்தனை, பாக்குத் தூள் உறை இத்தனை, உரச் சாக்கு இத்தனை, சொட்டு நீர்க் குழாய் இத்தனை என்று எண்ணி, உருவத்தின் அருகே பலகையில் எழுதி வைக்க வேண்டும். கணக்கு இல்லாத உருவம் வேடிக்கைப் பொருளாய் முடியும். கணக்கு இருந்தால், எந்தக் கடையிலிருந்து, எந்த விழாவிலிருந்து, எந்த வயலிலிருந்து அது வந்தது என்று சபையில் பேச முடியும்.

காட்சி முடிந்த பின்

உருவத்தைப் பிரித்த பிறகு அந்தப் பிளாஸ்டிக் எங்கே போவது? இவ்வினாவுக்கு விடை தந்தவர்களுள் ஒருவர் மதுரைக்காரரே. திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியற் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக விளங்கிய இரா. வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைச் சாலைக்குப் பயன்படுத்தும் முறையைக் கண்டார். சாலை போடும் சல்லியைச் சுமார் 170 டிகிரி வெப்பத்திற்குச் சூடாக்கி, அதன் மீது பொடித்த பிளாஸ்டிக்கைத் தூவினால், அது இளகிக் கல்லின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது. பின்னர் தாரைச் சேர்க்கும்போது கல்லும் தாரும் இறுகப் பற்றிக்கொள்கின்றன. மழைநீர் எளிதில் உட்புகுவதில்லை. 2002-ஆம் ஆண்டில் கல்லூரி வளாகத்திலேயே இத்தகைய சாலை போடப்பட்டது. 3.75 மீட்டர் அகலமுள்ள சாலையில், ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1 டன் பிளாஸ்டிக் செலவாகும் என்பர். இப்பணிக்காக 2018-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அண்டை மாநிலமான கேரளத்தில், கொல்லம் மாவட்டம் நீண்டகரைத் துறைமுகத்தில், 2017-ஆம் ஆண்டு முதல் மீனவர்கள் தம் வலையில் சிக்கிய பிளாஸ்டிக்கை மீண்டும் கடலில் எறியாமல் கரைக்குக் கொண்டுவரத் தொடங்கினர். அது கழுவி அரைக்கப்பட்டுச் சாலைகளுக்குப் பயன்பட்டது.

ஊராட்சிகளுக்கும் இதற்கு வழி உண்டு. 2020-ஆம் ஆண்டில் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவு இரண்டாம் கட்டத்தில், ஒன்றியத்திற்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை அலகு அமைக்க 16 இலட்சம் ரூபாய் வரை நிதி வகுக்கப்பட்டது. வட்டார வளர்ச்சி அலுவலகத்தை அணுகி, தங்கள் ஒன்றியத்தின் பிளாஸ்டிக் எங்கே ஏற்கப்படுகிறது என்று உறுப்பினர்கள் முன்கூட்டியே கேட்டறிதல் நலம். கழுவி வகை பிரித்த பிளாஸ்டிக்கு மதிப்பு உண்டு. மண்ணும் சோறும் ஒட்டியது எவருக்கும் பயன்படாது. பி.வி.சி.யைத் தனியே ஒதுக்க வேண்டும். அது சாலைக்கும் ஆகாது.

ஆயினும் சாலையோ உருவமோ இந்நோய்க்கு முடிவான மருந்தன்று. 2015-ஆம் ஆண்டு வரை உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் நூற்றுக்கு 9 பங்குதான் மறுசுழற்சி அடைந்தது என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். எஞ்சியது மண்ணிலும் நீரிலும் புகையிலும் போயிற்று. வரத்தை அடைக்காமல் நீரை இறைத்துக்கொண்டிருப்பதில் பயன் என்ன?

தமிழ்நாடு அரசு, 2019-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் முதல், ஒரு முறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை விதித்தது. தடிமன் எதுவாயினும் தூக்குப் பை அத்தடையில் அடங்கும். 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பெற்றது. சட்டம் இருக்கிறது, அதனை ஊரில் நிலைநாட்டும் பொறுப்பு ஊராட்சியைச் சார்ந்தது. திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் வாழையிலையும், எவர்சில்வர்த் தம்ளரும் போதும் என்று கிராம சபையில் தீர்மானிக்கலாம். ஊராட்சியே பாத்திரங்களை வாங்கி வைத்து, மகளிர் குழு மூலம் சிறு வாடகைக்கு விடலாம். சந்தைக்குப் பூ கொண்டு செல்வோர் கூடையும் சாக்கும் பயன்படுத்தலாம். உரச் சாக்கும், நாற்றங்கால் குழித்தட்டும், கிழிந்த மூடாக்குத் தாளும் வரப்போரம் கிடக்காமல் ஓரிடத்தில் சேர்ப்பதைப் பாசனக் குடியானவர் தம் கடமையாகக் கொள்ளலாம்.

இவற்றின் பயனை அளந்து காட்டுவதற்கும் அந்த மூங்கில் மாடே உதவும். மூங்கில் சட்டத்தைப் பத்திரப்படுத்தி வைத்து, அடுத்த ஆண்டும் அதே கண்மாயில், அதே கரையில், அதே வாரத்தில் பொறுக்கி, மீண்டும் அதன் வயிற்றை நிரப்பிப் பார்க்க வேண்டும். பலகையில் சென்ற ஆண்டின் எடையையும் இவ்வாண்டின் எடையையும் அருகருகே எழுத வேண்டும். எடை குறைந்திருந்தால் ஊர் திருந்தி வருகிறது என்று பொருள். குறையாதிருந்தால், எந்தப் பொருள் குறையவில்லை என்பதைக் கணக்கே காட்டிக்கொடுக்கும்.

மாட்டின் வயிறு ஒட்டிப்போகக் கண்டால் குடியானவர் மனம் வருந்துவது இயல்பு. இந்த ஒரு மாட்டின் வயிறு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஒட்டிக்கொண்டே வர வேண்டும். அது முற்றும் காலியாகும் ஆண்டில், கண்மாயின் வண்டலைத் தயக்கமின்றி வயலுக்கு அடிக்கலாம். மாட்டைக் கவலையின்றி மேய்ச்சலுக்கு அவிழ்த்து விடலாம்.